மூன்றாவது கியர்

பக்கத்து இருக்கையில் ஒரு சிறு பெட்டி.
உள்ளே பஞ்சின்மேல்
குவாதாவின் முன்பற்கள் நான்கு.
அவற்றுக்கும் பெல்ட் போட்டிருக்கிறேன்.

பல் செய்கிறவள் நான்.
ஷிகொகு மலைக்கு இந்தப்புறம் என் பட்டறை,
அந்தப்புறம் மருத்துவர் ஃபுகாவின் நாற்காலி.
இடையில் நூற்றுப் பன்னிரண்டு வளைவுகள்.
எண்ணியது நான்தான்;
ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு கூடக்குறைய வரும்.

சுரங்கப்பாதை திறந்து ஆறு வருஷம் ஆகிறது.
அதில் போனால் பத்தொன்பது நிமிஷம்.
சுரங்கம் என்றால் எனக்கு மூச்சு முட்டும் என்று
மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
பொய்.

கார் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.
மஞ்சள் எண்பலகை,
இரண்டே இருக்கை, அறுநூற்று அறுபது சிசி.
குடை வைத்தால் காய்கறிக்கு இடமில்லை.
காய்கறி வைத்தால் நனைய வேண்டியதுதான்.
ஆனால் கதவைச் சாத்தியதும்
ஈறில் சரியாக அமர்ந்த பல்லைப்போல்
டக்கென்று உட்கார்ந்துவிடுகிறேன்.
அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலும் திட்டு வாங்கும் தொழில்;
பொருந்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

கணவரின் தம்பி யாசுஹிகோ பெரிய வண்டிகள் விற்கிறான்.
ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனான்.
"அண்ணி, கப்பல் மாதிரி. கீழே ரோடு இருப்பதே தெரியாது."
தெரியவில்லை.
நூற்றுப்பத்தில் போனோமாம், நான் கொட்டாவி விட்டேன்.
ரோடு தெரியக் கூடாதென்றால்
ரோட்டுக்கு எதற்கு வர வேண்டும்,
வீட்டிலேயே படுத்திருக்கலாமே.

இங்கே நாற்பத்தைந்துக்கே
உள்ளங்கால் விழித்துக்கொள்கிறது.
நேற்றைய மழை தாரில் இலைகளை ஒட்டிவிட்டுப் போயிருக்க,
பிரேக்கைத் தொட்டு, கியரை இறக்கி,
கைக்குட்டை மடிக்கிற அளவே ஸ்டியரிங்கைத் திருப்ப
மூக்கு உள்ளே போகும், முதுகு பின்னாலேயே வரும்.
சின்னப் பானை சீக்கிரம் பொங்குமே,
அப்படி இன்ஜின் அதற்குள் கத்தத் தொடங்கிவிடும்.
முழு மூச்சையும் கொடுத்தும்
ஒரு தபால் வண்டியை முந்த முடியாது.
போகட்டும்.
இருப்பதையெல்லாம் செலவழிக்க முடிகிறதே, அதுதான் ருசி.
யாசுஹிகோவின் வாடிக்கையாளர்கள்
குதிரைத்திறனில் முக்கால்வாசியை வங்கியில் போட்டு
வட்டிகூட வாங்காமல் சாகிறார்கள்.

மேல் வளைவு.
ஆரஞ்சுச் சட்டமிட்ட குவிகண்ணாடிக்குள்
ஒரு மர லாரி, கட்டைவிரல் அளவு.
அடுத்த நொடி எதிரே, மலை அளவு.
டிரைவர் பின்னால் நகரப் பார்க்கிறார்.
வேண்டாம் என்று கைகாட்டுகிறேன்.
இடப்பக்கம் பாறை.
பக்கக் கண்ணாடியை மடக்கி, வயிற்றை உள்ளிழுத்து
நழுவினோம்.
இழுத்தது என் வயிறா, காரின் வயிறா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
பெட்டிக்குள் பற்கள் கடகடத்தன.
பயத்திலா சிரிப்பிலா, அவற்றின் சொந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

குவாதாவுக்கு யூசு தோட்டம்.
ஏணி சரிந்து பல் போய் மூன்று மாதம்.
அதுமுதல் வாயைக் கையால் மூடியே தலையாட்டுவார்.
அன்று பற்கள் ஏறியதும்
கண்ணாடி பார்த்தார், நாக்கால் ஒவ்வொன்றாய்த் தடவினார்,
என் பக்கம் திரும்பினார்.
மூன்று மாதத்தில் முதல் வாக்கியம்:
"மேல் வளைவில் ஏன் இரண்டாவதுக்கு இறக்குகிறீர்கள்?
மூன்றாவதிலேயே போகலாம்.
வாரா வாரம் தோட்டத்திலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்."

காற்று ஒழுகவில்லை. எழுத்துக்கள் எல்லாம் சுத்தம்.
பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியில் மேல் வளைவைத் தாண்டி இறங்கி,
கோயில் வாசலில் வண்டியைத் திருப்பி,
மூன்றாவதிலேயே ஏறிப் பார்த்தேன்.
இருமியது. திணறியது.
அவர் சொன்னது தப்பு.
உறுதிசெய்துகொள்ள இன்னொரு முறை.
பிறகு இரண்டாவதில் ஒரு முறை, ஒப்பிட வேண்டுமே.

நான்காவது முறை எதற்கு என்று கேட்க
பெட்டிக்குள் ஒரு பல்லும் இல்லை.